திருவல்லிக்கேணியில் ஒரு வாரம்

பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை விட்டதும் வீட்டுக்கு வீடு ஒரு மகாநாடு கூடுகிறது. விவாதத்துக்குரிய பொருள், "இவ்வருஷம் எங்கே போவது?" என்பதே. மலைக்குப் போகவேண்டுமென்று குழந்தைகள் ஏகமனதாகத் தீர்மானம் கொண்டு வருவார்கள். வீட்டு எஜமானர் பொக்கிஷ மந்திரி என்ற ஹோதாவில் அதை எதிர்ப்பார். எஜமானியம்மாள் மட்டும் எந்தக் கட்சியிலும் சேரமாட்டாள். எங்கே போனாலும் மூட்டை கட்டுவதும் அவிழ்ப்பதும் தன் பொறுப்புத்தான் என்பது அவளுக்குத் தெரியும்.

மலைவாசத்தை நாம் குறை கூறவில்லை. ஆனால் 2024-ம் வருஷம் மே மாதம் முதல் உதகமண்டலத்துக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வண்டிகள் இ-பாஸ் பெற்றே போகவேண்டுமென்று ஹைகோர்ட்டு உத்தரவிட நேர்ந்தது. அவ்வளவு ஜனக்கூட்டத்துக்கு நடுவில் சாந்தியைத் தேடுவானேன்? கூட்டந்தான் கிடைக்கப் போகிறதென்றால், பேசத் தெரிந்த கூட்டமாக, வேடிக்கை நிறைந்த கூட்டமாகவாவது இருக்கட்டும். ஆகையால் நமது சிபார்சு திருவல்லிக்கேணி. அங்கே உறவினர் வீடு இருக்கிறவர்கள் பாக்கியசாலிகள். நமக்குத் தமக்கையார் வீடு இருக்கிறது.

"சென்னை வெயிலிலா!" என்று நேயர்கள் திடுக்கிடலாம். வாஸ்தவம், அக்கினி நட்சத்திரம் அங்கேயும் சுடத்தான் சுடுகிறது. ஆயினும் வெயிலில் நிலம் சீக்கிரம் காய்கிறது. கடல் அவ்வளவு சீக்கிரம் காய்வதில்லை. நிலத்தின் மேலுள்ள சூடான காற்று மேலே எழும்ப, கடலின் குளிர்ந்த காற்று அந்த இடத்தை நிரப்ப ஓடி வருகிறது. மேல்காற்று பலமாக வீசும் நாட்களில் கடற்காற்று தாமதித்து வரும். அன்று ஊர் முழுவதும் விசிறியும் கையுமாக அதைப்பற்றியே பேசும். வந்துவிட்டாலோ, திண்ணைகளிலும் மொட்டை மாடிகளிலும் உயிர் திரும்புகிறது. பூகோள பாடத்தைப் பலகையில் பத்து நாள் எழுதுவதைவிட, மாடியில் ஒரு சாயங்காலம் நிற்பது மேல்.

அல்லி மலர்ந்த குளம் ஊருக்குப் பெயர் தந்தது. கரையிலுள்ள ஸ்ரீ பார்த்தஸாரதி ஸ்வாமி கோயிலிலே பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துச் சாஸனம் இருக்கிறது. மூலவர் மீசையுடன், சக்கரம் இல்லாமல், சங்கு மட்டும் ஏந்தி நிற்கிறார். தேரோட்டியாக வந்தவர் ஆயுதம் எடுப்பதில்லையென்று வாக்களித்தாரல்லவா? உற்சவர் திருமுகத்திலுள்ள வடுக்கள் பீஷ்மருடைய அம்புகள் பட்டவை என்பது ஐதிகம். சித்திரை மாதப் பிரம்மோற்சவத்தின்போது போனால், விடியற்காலைக் கருட சேவையைக் குழந்தைகள் தூக்கக் கண்களோடு பார்த்துவிட்டு, வருஷம் முழுவதும் அதையே சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

நாலு தெரு நடந்தால் நாலு சரித்திரம். துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில், பாரதியார் கடைசியாக வசித்து 1921-ல் காலமான வீடு இப்பொழுது நினைவில்லமாக இருக்கிறது. கோயில் யானை அவரைத் தள்ளியதும் அதே வருஷத்தில்தான். அனுமந்தராயன் கோயில் தெருவில், 1914-ல் கப்பலேறுமுன் கணித மேதை ராமானுஜன் குடியிருந்தார். 1878-ல் "ஹிந்து" பத்திரிகையை ஆரம்பித்த அறுவரும் திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்து இளைஞர்கள். ஒரு ரூபாய் பன்னிரண்டணா கடன் வாங்கி எண்பது பிரதிகள் அச்சிட்டார்களாம். அவர்களில் நால்வர் சட்ட மாணாக்கர்கள். இருவர் பள்ளிக்கூட வாத்தியார்கள். இந்தக் கடைசி விஷயத்தை நாம் சற்று உரக்கச் சொல்லிக்கொண்டால் நேயர்கள் மன்னிக்கவேண்டும்.

கோயிலிலிருந்து கிழக்கே நடந்தால் மெரீனா. போகும் வழியில் ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவில் குளிர் காலத்தில் ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து சேமிப்பதற்காக 1842-ல் கட்டியது. மாதக் கணக்கான பிரயாணத்தில் அது ஏன் உருகிப்போகவில்லை என்று குழந்தைகளைக் கேளுங்கள். மரத்தூள் என்ற பதில் வர அரை மணி ஆகும். அந்த அரை மணி வீணல்ல. இயந்திரத்தில் ஐஸ் செய்ய ஆரம்பித்ததும் அந்த வியாபாரம் கரைந்தது. அதே கட்டிடத்தில் 1897-ல் விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கினார். கடற்கரையில் 1923-ம் வருஷம் மே முதல் தேதி சிங்காரவேலர் தொழிலாளர் தினம் கொண்டாடினார். இன்று உழைப்பாளர் சிலை நிற்கிறது. சுண்டலுக்கும் பட்டத்துக்கும் தாராளமாக அனுமதி கொடுக்கலாம். கடலில் இறங்கிக் குளிக்க மட்டும் கூடாது. மெரீனாவின் நீரோட்டம் நன்றாக நீந்துகிறவர்களையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

பக்கத்திலேயே, 1795-ல் ஆற்காட்டு நவாபின் குடும்பத்தார் கட்டிய வாலாஜா பள்ளிவாசல். ரம்ஜான் மாதத்தில் இங்கே நோன்பு திறப்போருக்கு உணவு சமைத்து எடுத்துவந்து பரிமாறுகிறவர்கள் ஹிந்துக்கள். பிரிவினையின்போது சிந்துவிலிருந்து அகதியாக வந்த ஒருவர் தொடங்கிய தர்மம் அது. வீடு வாசல் இழந்து வந்தவர் மனத்தில் வன்மம் வளர்ந்திருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்; அவர் அன்னம் வளர்த்தார். ஒற்றுமையைப்பற்றி நாம் வகுப்பில் செய்யும் பிரசங்கங்கள் எல்லாம் இதற்கு உறைபோடக் காணாது.

இனி, முக்கியமான விஷயத்துக்கு வருவோம். இந்த ஆனந்தத்துக்கெல்லாம் செலவு கொடுப்பது யார்? விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நாமோ ஏழு நாள் தங்குகிறோம். நம் தமக்கையார் ஒரு சமயம் சிரித்துக்கொண்டே, "பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள், கச்சேரிக்கு லீவு விட்டார்கள், என் அடுப்புக்கு மட்டும் யாரும் லீவு விடவில்லையே, தம்பி!" என்றார். சிரிப்புக்குள் இருந்த களைப்பை நாம் கவனித்தோம். நேரங்கழித்து எழுந்து காபி கேட்கிற ஆண்பிள்ளைகளுக்கெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தை எழுதி மாட்டிக் கொடுக்கலாம்.

ஆகவே நமது குடும்பத்தில் சில சட்டங்கள் அமுலில் இருக்கின்றன. காலைப் பலகாரம் வீட்டில் கிடையாது. ஒரு நாள் ஹோட்டல் சாம்பார் இட்டிலி, மறுநாள் வேறு. காய்கறி வாங்க ஜாம்பஜாருக்குப் போவது நம் பொறுப்பு. பாத்திரம் கழுவுவது பையன்களுடையது, பெண்களுடையதல்ல. மாலையில் கடற்கரைக்குப் புறப்படும்போது அக்காளும் கூட வரவேண்டும். அவர் வராவிட்டால் யாரும் போவதில்லை.

தண்ணீர்ச் சட்டம் எல்லாவற்றிலும் கடுமையானது. 2019-ம் வருஷக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, சென்னைவாசிகள் லாரிக்காகக் குடங்களுடன் இரவும் பகலும் காத்து நின்றார்கள். ஐந்து பேர் விருந்தாளிகளாக வருவதென்றால் ஐந்து பேருக்கு வேண்டிய தண்ணீர் அந்த வீட்டுத் தொட்டியிலிருந்து போகிறதென்று அர்த்தம். காவேரிக் கரையில் பிறந்தோம் என்பதற்காகப் பட்டணத்துக் குழாயைக் காவேரியாக எண்ணலாகாது. ஆளுக்கு ஒரு வாளி. அதற்குமேல் அப்பீல் கிடையாது.

இந்தச் சட்டங்களால் குழந்தைகளின் குதூகலம் சற்றும் குறையவில்லை. கருட சேவையையும் ஐஸ் ஹவுஸையும் பார்த்த கண்கள், அத்தை வீட்டு அடுப்பங்கரையையும் ஒருமுறை பார்ப்பது நல்லதுதான். பிறர் வீட்டில் சுகமாயிருந்துவிட்டு வருவது சுலபம். நாம் புறப்படும்போது அவ்வீட்டார், "இன்னும் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாமே" என்று மனப்பூர்வமாகச் சொல்லும்படி இருந்துவிட்டு வருவது ஒரு கல்வி. அதில் தேறினவர்களுக்கு அடுத்த வருஷமும் விடுமுறை உண்டு!