சராசரிக் கல்லும் தொல்லைக் கல்லும்

ஸ்வீடன் தேசத்தின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் அப்பால் உள்ள கிருணா நகரத்து ஜனங்கள், நள்ளிரவு கழிந்து ஒன்று, ஒன்றரை மணிக்குக் கட்டில் லேசாக அதிர்ந்தால், பூமிக்கடியில் இரும்புச் சுரங்கத்தில் வெடி போட்டுவிட்டார்கள் என்று புரண்டு படுத்துக்கொள்வார்கள். அந்த வெடியில் பாறை எந்த அளவில் உடையும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்ல ஒரு சாஸ்திரம் உண்டு. பாறையின் தன்மையையும் வெடிமருந்தின் அளவையும் கொண்டு உடைகற்களின் சராசரிப் பருமனைக் கணிக்க சோவியத் நாட்டுக் குஸ்னெட்சோவ் 1973இல் சூத்திரம் தந்தார். ஜெர்மனியில் ரோசினும் ராம்லரும் 1933இல் நிலக்கரித் தூளுக்காக வகுத்த, எந்தப் பருமனில் எவ்வளவு என்று காட்டும் பங்கீட்டு விதியை அதனோடு பிணைத்து, தென்னாப்பிரிக்காவின் கன்னிங்ஹாம் 1983இல் 'குஸ்-ராம்' முறையை வெளியிட்டார்.

எளிய முறைதான், உபயோகமானதுங்கூட. ஆனால் சுரங்கத்தை வாட்டுவது சராசரிக் கல் அன்று. திறந்தவெளிக் குவாரியில் வெடித்த பாறைக்கு முன்னே வெட்டவெளி இருக்கிறது. கிருணாவிலோ, சுரங்கப் பாதையிலிருந்து விசிறிபோல் மேல்நோக்கித் துளைகள் போடப்படுவதால் அவற்றின் வாய்கள் நெருங்கியும் நுனிகள் அகன்றும் நிற்க, எதிரே முன்பே உடைந்து சரிந்த பாறை நெருக்கிக்கொண்டிருக்கிறது. துளை சற்றே திசை விலகினாலும் நுனியில் மருந்து எட்டாத இடம் பெரும் பாளமாகவே பெயர்ந்து வரும். மறுபக்கம், பொடி எவ்வளவு விழும் என்பதைக் குஸ்-ராம் குறைத்தே சொல்லிவந்தது. அக்குறையைப் பெரிதும் போக்கிய பங்கீட்டை ஸ்வீடனின் ஔக்டர்லோனி 2005இல் வெளியிட்டார்.

பாளம் ஒன்று தாது இறங்கும் வாயில் குறுக்கே சிக்கிக்கொண்டால், வண்டிகள் நிற்கும். நீண்ட கழியின் நுனியில் மருந்தைக் கட்டி, எந்த நிமிஷமும் சரியக்கூடிய அந்தக் குவியலை மனிதனோ இயந்திரமோ அணுகியாக வேண்டும். மருந்துச் செலவைக் குறைத்துவிட்டதாகப் பெருமை கொள்ளும் நிர்வாகிகளின் கணக்கில் இது ஏறுவதே இல்லை. ஏனெனில் அந்த நஷ்டம் வேறு இலாகாவின் தலையில் விழுகிறது!

கணிப்புக்கான மென்பொருளை வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அதற்கு முன்பாக, போட்ட துளை போக வேண்டிய இடத்துக்குத்தான் போயிற்றா என்று அளக்கட்டும். ஒவ்வொரு ஷிப்டிலும் சிக்கிய பாளங்களை எண்ணி, கணிப்புக்கும் விளைவுக்கும் உள்ள வித்தியாசத்தை மருந்துக் கணக்கு எழுதும் அதே பேரேட்டில் எழுதட்டும். கிடங்கில் மிச்சம் பிடித்தோம் என்பவர் அப்போது பக்கத்துப் பத்தியையும் வாசிக்கும்படி நேரும்.