தைலம் இருக்கட்டும்... முதல்ல சீட்டைக் காட்டுங்க!

இடுப்பு வலி, வால் எலும்பு வலி, மூலக்கடுப்பு என்று வருகிறவர்களிடம் நாடி பிடிப்பதற்கு முன்னால் நான் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். "என்ன வண்டி ஓட்டறீங்க? ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்?"

வைத்தியரிடம் வந்தோமா, மெக்கானிக்கிடம் வந்தோமா என்று முழிப்பார்கள். பதில் வந்ததும் வாசலுக்குக் கூட்டிப்போய் வண்டியைப் பார்ப்பேன். சீட்டின் நடுவில் முஷ்டியால் நன்றாக அழுத்தினால் போதும், பாதிக் கதை தெரிந்துவிடும். கை நேராக அடித்தகட்டில் போய் இடித்தால் அந்த ஃபோம் செத்து ரொம்ப நாளாகிவிட்டது என்று அர்த்தம். அதன் மேல் பகலெல்லாம் குலுங்கிவிட்டு, ராத்திரி வாதகேசரித் தைலம் தேய்த்து என்ன பிரயோஜனம்? தைலம் தசையைத் தளர்த்தும். மறுநாள் காலையில் அதே சீட் மறுபடியும் இறுக்கும்!

சீட்டால்தான் மூலம் வருகிறது என்று நான் சொல்லவில்லை. மலச்சிக்கல், நார்ச்சத்து இல்லாத சாப்பாடு, தண்ணீர் குடிக்காதது என்று அதற்குக் காரணங்கள் வேறு. ஆனால் இருக்கிற மூலத்தைக் கிளறிவிட மோசமான சீட் ஒன்றே போதும். கருணைக்கிழங்கு லேகியத்தை வேளை தவறாமல் சாப்பிட்டும் குறையவில்லை என்று வருகிறவர்களில் பலர், தினமும் வண்டியில் 60, 70 கிலோமீட்டர் போகிறவர்களாக இருப்பதைப் பார்க்கிறேன்.

"அப்ப சீட்டை மாத்திடறேன் டாக்டர்" என்று கிளம்பினார் ஒரு மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. திருநெல்வேலியிலிருந்து தென்காசி, சங்கரன்கோவில், கோவில்பட்டி என்று சுற்றுகிறவர். ஒரே மாதத்தில் திரும்பி வந்தார். "முன்னைவிட மோசமா இருக்கு. நல்லா மெத்து மெத்துன்னு பஞ்சு மெத்தை மாதிரிதான் போட்டேன்!"

அதுதான் கோளாறு. மெத்தென்று இருப்பதுதான் சுகம் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். கடையில் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்து, உள்ளே போனால் 'ஆஹா' என்கிறார்கள். விரலா உட்காரப் போகிறது?

நம் இடுப்பு எலும்பின் அடியில் இரண்டு பக்கமும் இரண்டு குமிழ்கள் இருக்கின்றன. சிமெண்டுத் திண்ணையில் நிமிர்ந்து உட்கார்ந்து, உள்ளங்கைகளை அடியில் கொடுத்துப் பாருங்கள். கெட்டியாக உருண்டையாக அகப்படும். உட்காரும்போது உடம்பின் பாரத்தைத் தாங்க இயற்கை வைத்திருக்கும் இரண்டு முட்டுக்கால்கள் அவை. அவற்றுக்கு நடுவில், குய்யத்துக்கும் குதத்துக்கும் இடைப்பட்ட இடத்தைத்தான் சித்தர்கள் மூலாதாரம் என்றார்கள். நரம்பும் ரத்தக் குழாயும் ஓடுகிற மிருதுவான இடம். பாரம் தாங்குவது அதன் வேலையே இல்லை.

சீட் அளவுக்கு மீறி மிருதுவாக இருந்தால் என்ன ஆகும்? எலும்புக் குமிழ்கள் இரண்டும் ஃபோமில் புதைந்துவிடும். நடுவில் இருக்கிற ஃபோம் மேலே பிதுங்கி மூலாதாரத்தை முட்டும். வால் எலும்பும் போய்ப் படியும். முதல் பத்து நிமிடம் சொர்க்கம். முக்கால் மணி நேரத்தில் மரமரப்பு, எரிச்சல், 'எப்படா இறங்குவோம்' என்கிற தவிப்பு. அந்தப் பிரதிநிதிக்கு நடந்தது இதுவேதான். கடைக்காரரிடம் திரும்பப் போய்க் கெட்டி ஃபோமாக மாற்றச் சொன்னேன். "கெட்டியாவா?" என்று சந்தேகமாகத்தான் போனார். இப்போது தைலம் வாங்க வருவதில்லை. (எனக்கு வியாபாரம் நஷ்டம்தான்!)

அப்படியானால் எவ்வளவு அகலம் வேண்டும்? செலவில்லாத ஒரு வழி உண்டு. பலசரக்குக் கடையிலிருந்து அட்டைப் பெட்டி ஒன்று வாங்கி, ஒரு துண்டு வெட்டி, ஸ்டூல் மேல் போட்டு, ஒரு நிமிடம் அழுத்தி உட்காருங்கள். எழுந்து பார்த்தால் இரண்டு பள்ளங்கள் தெரியும். பள்ளத்தின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தால் பெரும்பாலானவர்களுக்கு 10 முதல் 15 செ.மீ.க்குள் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்குப் பொதுவாகக் கொஞ்சம் கூடுதல். நீங்கள் உட்காருகிற இடத்தில் சீட்டின் சமமான பகுதி இதைவிடத் தாராளமாக இருக்க வேண்டும். ஓரங்கள் வளைந்து சரிகிற இடத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதே சமயம் டேங்க் பக்கம் சீட் ஒடுங்கித்தான் இருக்க வேண்டும். அங்கேயும் அகலமாக்கினால் தொடை விரிந்து, கால் தரைக்கு எட்டாது.

கால் எட்டுவது சாதாரண விஷயம் இல்லை. ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டியில் சீட்டின் உயரம் 785 மி.மீ. அதன் மேல் இரண்டு அங்குல ஃபோம் ஏற்றினால் 835-ஐத் தாண்டிவிடும். குள்ளமானவர் சிக்னலில் ஒரு காலை நுனி விரலில் ஊன்றி நிற்க வேண்டி வரும். பின்னால் ஆள் இருந்தால் வண்டி சாய்ந்துவிடும். அதனால் புது ஃபோமை மேலே ஏற்றுவதைவிட, நைந்துபோன பழையதை எடுத்துவிட்டு அதே கனத்துக்குக் கெட்டியான ஃபோம் வைப்பதே நல்லது.

ஃபோம் வாங்கும்போது 'டென்சிட்டி' என்று எண் சொல்வார்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ எடை என்பதுதான் அது. எண் கூடினால் பொதுவாக ஆயுசு கூடும், சீக்கிரம் அமுங்கிப் போகாது. ஆனால் அது கெட்டித்தன்மையின் அளவு இல்லை. ஒரே டென்சிட்டியில் மெத்தென்றும் கிடைக்கும், கெட்டியாகவும் கிடைக்கும். உட்கார்ந்து பார்க்காமல் எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள். மெமரி ஃபோம் என்று ஒன்று சொல்வார்கள். அது சூட்டில் இளகுகிற சாதி. சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டியில் அது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்! மேலே மெல்லிய படலமாக இருந்தால் சரி, முழு சீட்டும் அதுவாக வேண்டாம். ஜெல் வைத்த சீட்டு அழுத்தத்தைப் பரப்புவது உண்மைதான். ஆனால் வெயிலை உறிஞ்சிக்கொண்டு தோசைக்கல்லாகிவிடும். நிழலில் நிறுத்த வசதி உள்ளவர்களுக்கு அது சரிப்படும்.

சரிவையும் கவனியுங்கள். பல சீட்டுகள் டேங்க் பக்கம் சரிந்து இருக்கின்றன. பிரேக் போடும்போதெல்லாம் உடம்பு முன்னால் வழுக்கி, மூலாதாரம் போய் டேங்கில் முட்டும். மறுபடி பின்னால் நகர்ந்து உட்கார வேண்டும். நாள் முழுக்க இதே வேலை என்றால் மணிக்கட்டும் வலிக்கும், இடுப்பும் வலிக்கும். ஃபோமைச் செதுக்கிச் சமமாக்கிக் கொடுக்கச் சொன்னால், கைத்தொழில் தெரிந்த குஷன் கடைக்காரர் செய்து கொடுத்துவிடுவார்.

"பைக் ஓட்டினா உடம்பு சூடாகுது டாக்டர்" என்பது எல்லா வயதுக்காரர்களும் சொல்கிற புகார். வாரம் ஒரு எண்ணெய்க் குளியல் நல்லதுதான், நானும் எழுதிக் கொடுக்கிறேன். ஆனால் அந்தச் சூட்டில் பாதி, காற்றுப் புகாத ரெக்ஸினும் அதன் மேல் ஜீன்ஸும் அதற்குள் வியர்வையும் சேர்ந்து செய்கிற வேலை. வியர்வையும் உராய்வும் எங்கே கொண்டு போய் விடும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம். இரண்டாம் உலகப் போரில் குலுங்கும் ஜீப்புகளில் நாள் கணக்கில் போன அமெரிக்கச் சிப்பாய்களுக்கு, வால் எலும்புக்கு மேலே உள்ள பிளவில் முடி உள்ளே குத்தி வளர்ந்து சீழ்க்கட்டி வந்தது. ஆயிரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். 1944-ல் அதற்கு 'ஜீப் நோய்' என்றே பெயர் வைத்தார்கள். பவுத்திரம் என்று நினைத்துக்கொண்டு இந்தக் கட்டியோடு என்னிடம் வரும் இளைஞர்களைக் கேட்டால், பலர் சாப்பாடு, பார்சல் கொண்டு போகிற பையன்கள். சீட் மேல் காற்றோட்டமான வலை உறை போடச் சொல்கிறேன். மழையில் நனைந்தாலும் அது சீக்கிரம் உலரும். கட்டி வந்துவிட்டால் உறை மட்டும் போதாது, வைத்தியம் வேண்டும்.

இதே பையன்கள் சிறுநீரையும் அடக்குகிறார்கள். அடக்கக் கூடாத வேகங்கள் பதினான்கு என்று சித்த மருத்துவம் வகுத்திருக்கிறது, அதில் சிறுநீரும் ஒன்று. மணிக்கு ஒரு முறை வண்டியை விட்டு இறங்குங்கள். எப்பேர்ப்பட்ட சீட்டாக இருந்தாலும் இறங்காமல் ஓட்டுகிறவனுக்கு அது உதவாது.

இப்போது நான் சண்டை போடுகிற விஷயத்துக்கு வருகிறேன். சீட் மாற்றப் போகிற ஆண்களில் எத்தனை பேர் மனைவியைக் கூட்டிப் போகிறார்கள்? தன் உட்காரும் இடத்தை மட்டும் பார்த்துப் பார்த்துச் செய்துகொண்டு வருகிறார்கள். பின்சீட் பற்றிக் கேட்டால், "அவ எப்பவாவதுதானே டாக்டர் உட்காருவா" என்கிறார்கள். அந்த அம்மாவைத் தனியாகக் கேட்டால், "தினமும் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் இவர்தாங்க கொண்டு விடறார். இறங்கினதும் கொஞ்ச நேரம் நிமிரவே முடியலே" என்கிறார்.

பின்சீட் இருப்பது ஏறக்குறையப் பின்சக்கரத்துக்கு நேர் மேலே. பள்ளத்தில் விழும்போது ஓட்டுகிறவரைவிடப் பின்னால் இருப்பவருக்குத்தான் அடி அதிகம். ஓட்டுகிறவராவது பள்ளத்தைப் பார்த்து உடம்பைத் தயார் செய்துகொள்கிறார். பின்னால் இருப்பவருக்கு விழுந்த பிறகுதான் தெரியும்! புடவை கட்டி ஒரு பக்கமாக உட்காருகிறவர்கள் பாடு இன்னும் மோசம். இடுப்பு இடது பக்கம் பார்க்கிறது, முகமும் மார்பும் முன்னால் பார்க்கின்றன. நடுவில் முதுகுத்தண்டு பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கிறது. சீட்டின் அகலம் குறைவு என்பதால் தொடைக்குத் தாங்கலும் இல்லை. மடியில் ஒரு குழந்தை வேறு.

அழகுக்காகப் பின்சீட்டைத் தனியாகத் தூக்கி, கையகலத்துக்குச் சுருக்கி வைக்கிற வழக்கம் வந்தபோதே எனக்குப் பிடிக்கவில்லை. யமஹா ஆர்15 வண்டி 2008-ல் வந்தபோது ஒரே நீள சீட்டுதான். 2011-ல் அது இரண்டாகப் பிரிந்து பின்சீட் உயர்ந்தது. பிறகு 2021-ல் ஒரே சீட் வைத்த ரகத்தையும் அந்தக் கம்பெனியே மறுபடி விற்பனைக்குக் கொண்டு வந்தது. கேட்பதற்கு ஆள் இருக்கிறது என்றுதானே பொருள்? இன்னும் சிலர் பின்பகுதியையே வெட்டி எடுத்துவிட்டு ஒற்றை சீட்டு போட்டுக்கொள்கிறார்கள். ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. அவர்களுக்கு இது தெரியுமோ தெரியாதோ!

சீட் மாற்றும்போது வழக்கமாகக் கழற்றி எறியப்படுவது பின்னால் இருக்கிற பிடி கம்பி. கூடவே புடவைத் தடுப்பும் போய்விடும். "லுக்கு போயிடும்" என்பார்கள். பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடி, காலுக்கு ஃபுட்ரெஸ்ட், துணி சக்கரத்தில் சிக்காமல் சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பு, இந்த மூன்றும் இருக்க வேண்டும் என்பது 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி. கைப்பிடி இல்லாமல் உட்காருகிறவர் ஒவ்வொரு பிரேக்குக்கும் இடுப்புத் தசையை இறுக்கித்தான் விழாமல் தப்பிக்கிறார். அந்த வலிக்கு நான் உளுந்துத் தைலம் கொடுத்து என்ன செய்ய?

ஒரு பக்கமாக உட்காருகிறவருக்குப் பின்சீட்டின் ஓரம் உருண்டு சரியக் கூடாது. சமமாக, ஓரம் வரை கெட்டியாக இருக்க வேண்டும். இரண்டு பாதமும் பதிகிற மாதிரி கால் பலகை ஒன்றும் மாட்டுங்கள். சுடிதார் போடுகிறவர்கள் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருவதே முதுகுக்கும் பாதுகாப்புக்கும் நல்லது. ஊர் என்ன சொல்லும் என்று பார்த்தால் முதுகு சொல்வதைக் கேட்க முடியாது.

துண்டை மடித்து சீட்டில் போட்டு ஓட்டுகிறவர்களையும், மூலத்துக்கு விற்கிற காற்று வளையத்தைக் கயிறு போட்டுக் கட்டி ஓட்டியவர் ஒருவரையும் பார்த்திருக்கிறேன். வேண்டவே வேண்டாம். பிரேக் போட்டால் அது ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம்!

சீட்டால் வருவது எல்லாம் உட்காரும்போது வந்து, எழுந்து நடந்தால் குறைகிற வலி. இறங்கின பிறகும் மரமரப்பு போகவில்லை, மூலாதாரப் பக்கம் உணர்ச்சியே இல்லை, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு தவறுகிறது, காலில் பலம் குறைகிறது என்றால் சீட்டையும் பார்க்க வேண்டாம், என்னையும் பார்க்க வேண்டாம். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். முதுகுத்தண்டின் அடியில் நரம்புகள் நசுங்குவதன் அடையாளமாக இருக்கலாம்.

குஷன் கடைக்குப் போவதற்கு முன்னால் டயரில் காற்று சரியாக இருக்கிறதா, பின் ஷாக் அப்சார்பர் வேலை செய்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அங்கே கோளாறு இருந்தால் சீட்டைக் குற்றம் சொல்லிப் பலன் இல்லை. கடையில் ஃபோமை வெட்டி வைத்ததும் உடனே ரெக்ஸின் போட்டு பின் அடிக்க விடாதீர்கள். வெறும் ஃபோமில் நீங்கள் முன்னால், வீட்டுக்காரம்மா பின்னால், வண்டி ஸ்டாண்டில் நிற்க, ஒரு அரை மணி நேரம் உட்காருங்கள். கடைக்காரர் முணுமுணுப்பார், டீ வாங்கிக் கொடுங்கள். எங்கே குத்துகிறது என்று அந்த அம்மா சொல்லட்டும், அந்த இடத்தில் செதுக்கட்டும். தையல் உட்காருகிற இடத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஊசி ஓட்டை வழியாகத்தான் மழைத் தண்ணீர் இறங்கி ஃபோமை ஊற வைக்கும். பழைய ஃபோமைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். ஒரு மாதம் வீட்டுப் பரணில் கிடக்கட்டும். புதுசு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் எவ்வளவு கனம், எந்த வடிவம் என்று காட்டி மறுபடி வெட்டச் சொல்ல அதுதான் அளவு.