மூக்கு ஜாக்கிரதை!

அரூரிலிருந்து தீர்த்தமலைக்குக் குடும்பத்தோடு காரில் கிளம்பும் நேயர்களே, ஒரு வார்த்தை. கார் நிறுத்துமிடம் எதுவானாலும், சக்கரத்தைத் தடுக்கச் சிமெண்டுக் கட்டை போட்டிருந்தால் அதில் முட்டும்வரை போகாதீர்கள். சக்கரம் தொடுமுன்பே காரின் மூக்கு கட்டைக்கு மேலே போய்விடும். 2014-ல் தயாரிப்பு நின்றுபோன அம்பாஸடருக்கு அந்த நாளில் இரும்பு பம்பர், தாங்கிற்று. இன்றைய பம்பரின் உறையோ பிளாஸ்டிக்!

உள்ளே போகும்போது வழுக்கிக்கொண்டு போன உறை, பின்னுக்கு எடுக்கையில் கட்டையில் மாட்டிப் பிய்ந்துவிடும். அதுவும் பாட்டி, பேரன், பிரசாதக் கூடை எல்லாம் ஏறியபின் வண்டி இன்னும் தாழ்ந்து உட்காரும். ஆகவே முதலில் காரைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டு, பிறகு எல்லோரையும் ஏற்றுங்கள். நாலடி நடப்பதற்குப் பாட்டி முணுமுணுத்தால், புது பம்பரின் விலையைச் சொல்லிப் பாருங்கள்!