யாருக்காக இந்த எண்ணிக்கை?

‘அளக்க முடியாததை நிர்வகிக்க முடியாது’ என்று ஒரு மந்திரம் நம்முடைய ஆபீஸ்களில் வழங்கி வருகிறது. மானேஜர்கள் அதை உச்சரிக்கும்போது அவர்கள் முகத்தில் ஒரு பக்தியே தெரியும். சாட்சிக்கு எட்வர்ட்ஸ் டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளியியல் அறிஞரை அழைப்பார்கள். 1950-ல் ஜப்பானுக்குப் போய், யுத்தத்தில் நொடித்துக் கிடந்த தொழிலதிபர்களுக்குத் தரத்தைப் பற்றிப் பாடம் சொன்னவர் அவர். வேடிக்கை என்னவென்றால், அந்த மனிதர் சொன்னது இதற்கு நேர் எதிர். அப்படி நினைப்பது பெரும் நஷ்டம் விளைவிக்கும் மூடநம்பிக்கை என்றுதான் அவர் எழுதினார். அவர் மறுத்த கருத்தையே அவர் தலையில் கட்டி, அதை வைத்து ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் சம்பள உயர்வை நிர்ணயிக்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது கம்ப்யூட்டர்களை இரவு பகலாக ஓடவைத்துக்கொண்டிருக்கிறார்களே, அந்தப் பிள்ளைகளைப் பற்றி. ‘ஆபரேஷன்ஸ்’ என்று அவர்கள் பிரிவுக்குப் பெயர். புதிதாக ஒன்றை எழுதி உருவாக்குகிறவர்களுக்குப் பேரும் புகழும் உண்டு. உருவானது நின்றுவிடாமல் பார்த்துக்கொள்கிறவர்களை, அது நிற்கும்போதுதான் உலகம் நினைத்துக்கொள்ளும். தரமணியிலிருந்து சிறுசேரி வரைக்கும் நீண்டு கிடக்கும் கட்டடங்களில், ராத்திரி இரண்டு மணிக்கும் விளக்கு எரிகிற மாடிகளில் இவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் அப்போது பகல். அங்கே ஒரு பாங்கியின் ஸர்வர் மூச்சு முட்டினால் இங்கே ஒருவனுக்குத் தூக்கம் போகும்.

‘கதை எழுதுகிறவனுக்கு இதில் என்ன வேலை?’ என்று நீங்கள் கேட்கலாம். என் தங்கை மகன் அந்த வேலையில் இருக்கிறான் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இன்றைக்கு ஆஸ்பத்திரிச் சீட்டும், ரயில் டிக்கெட்டும், கிழவியின் பென்ஷனும் இந்தப் பிள்ளைகளின் கவனத்தை நம்பித்தான் இருக்கின்றன என்பது. அவர்களுடைய வேலையை எப்படி மதிப்பிடுகிறோம் என்பது அவர்கள் வீட்டு விஷயம் மட்டும் அல்ல. நம் வீட்டு விஷயமும்கூட.

அவர்களுக்கு என்ன இலக்கு வைக்கிறார்கள்? தங்கை மகனுடைய கம்பெனியில், தலைக்கு மாதம் இத்தனை ‘டிக்கெட்’ முடித்தாக வேண்டும் என்பது கணக்கு. டிக்கெட் என்றால் ஒரு புகார் அல்லது ஒரு கோரிக்கை. வந்தவுடன் அதற்கு ஒரு நம்பர் போட்டுவிடுவார்கள். வருஷ முடிவில் அந்த எண்ணிக்கையைப் பார்த்துத்தான் யார் கெட்டிக்காரன், யார் சோம்பேறி என்று தீர்ப்பு.

இதன் விளைவு என்ன தெரியுமா? பாஸ்வேர்டு மறந்துபோனவருடைய டிக்கெட் வந்தால் பத்துப் பேர் பாய்ந்து எடுக்கிறார்கள். இரண்டு நிமிஷத்தில் ஒரு எண் சேர்ந்துவிடும். மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டிய சிக்கல் வந்தால், அது அநாதைக் குழந்தை மாதிரி ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு அலைகிறது. கெடு நெருங்கினால், ‘வாடிக்கையாளரின் பதிலுக்குக் காத்திருக்கிறோம்’ என்று ஒரு வரி எழுதிக் கடிகாரத்தை நிறுத்திவிடலாம். ஒரே கோளாறை மூன்று டிக்கெட்டாகப் பிரித்து மூன்றாகவும் எண்ணிக்கொள்ளலாம். இதை எல்லாம் செய்கிறவன் அயோக்கியன் அல்ல. வீட்டுக் கடனும் பள்ளிக்கூடச் சம்பளமும் உள்ள சாதாரண மனிதன். நீங்கள் எதை எண்ணுகிறீர்களோ அதை அவன் தருகிறான்.

அதே பிரிவில் ஒருவன், தினமும் வரும் ஒரு கோளாறின் வேரைத் தேடிப் பிடித்து, இனிமேல் அது வராதபடி செய்துவிடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் நாற்பது டிக்கெட் வந்த இடத்தில் ஒன்றுகூட வராது. வருஷ முடிவில் அவன் கணக்கில் எண்ணிக்கை குறைவு. அவனுக்குச் சம்பள உயர்வும் குறைவு! நம்முடைய கிராமங்களில் ஏரிக்கு நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார். கரையைக் காத்து, மடையைத் திறந்து மூடி, தண்ணீர் பங்கிடுவது அவர் பொறுப்பு. ‘இந்த வருஷம் எத்தனை உடைப்பு அடைத்தாய்?’ என்று கேட்டு அவருக்கு நெல் அளந்தால், மறு வருஷம் கரையில் உடைப்பு அதிகமாகத்தான் இருக்கும். படிக்காத கிராமத்தார் அப்படி அளக்கவில்லை. ஊர் வயல்களுக்குத் தண்ணீர் பாய்ந்ததா என்று பார்த்தே அளந்தார்கள்.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த வியாதியும் அல்ல. சார்லஸ் குட்ஹார்ட் என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் 1975-ல் பணக்கொள்கையைப் பற்றி ஒன்று சொன்னார். ஒரு புள்ளிவிவரத்தைக் கட்டுப்பாட்டுக்கான கருவியாக்கி அதன்மேல் பாரத்தை ஏற்றினால், அதுவரை அது காட்டிவந்த உண்மை குலைந்துவிடும் என்பது அதன் சாரம். பாங்கிக்குச் சொன்னது ஆஸ்பத்திரிக்கும் பலித்தது. அவசர சிகிச்சைக்கு வருகிறவர்களை நான்கு மணி நேரத்துக்குள் பார்த்து அனுப்பிவிட வேண்டும் என்று இங்கிலாந்தில் 2004-ல் ஓர் இலக்கு நடைமுறைக்கு வந்தது. நோக்கம் நல்லதுதான், காத்திருப்பு குறையவும் செய்தது. ஆனால் ஆராய்ச்சியாளர்கள் கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது, நான்காவது மணி முடிவதற்குச் சற்று முன்னால் நோயாளிகள் கும்பல் கும்பலாக அனுப்பப்பட்டிருந்தது தெரிந்தது. நோய் கடிகாரத்தைப் பார்த்துத் தீருவதில்லை. கடிகாரத்தைப் பார்த்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவும் சொன்னதும் எதிர்க்கட்சியில் ஒருவர் எழுந்திருப்பார். ‘அப்படியானால் இலக்கே வேண்டாமா? எங்கள் வேலை கலை, அதை அளக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டு அவரவர் இஷ்டத்துக்கு இருக்கலாமா?’

கூடாது. அந்தப் பேச்சும் எனக்குப் பிடிக்காது. ‘எங்கள் வேலையை எண்ணால் சொல்ல முடியாது’ என்கிற நிபுணரிடம் நான் எச்சரிக்கையாகவே இருப்பேன். எண்ணிப் பார்க்காததால் வந்த ஆபத்துக்கு ஒரு கதை சொல்கிறேன். கதை என்றாலும் நடந்தது.

2017 ஜனவரி 31-ஆம் தேதி, புரோகிராம் எழுதுகிறவர்களின் வேலைகளைச் சேமித்து வைக்கும் ‘கிட்லாப்’ என்ற ஸ்தாபனத்தில், ராத்திரி வெகுநேரம் கண்விழித்த பொறியாளர் ஒருவர், ஒரு ஸர்வரில் அழிக்க வேண்டியதை இன்னொன்றில் அழித்துவிட்டார். சுமார் 300 ஜிகாபைட் தகவல். சுதாரித்து நிறுத்துவதற்குள் நாலரை ஜிகாபைட்தான் மிச்சம். போகட்டும், பிரதி இருக்குமே என்று தேடினார்கள். ஐந்து விதமான காப்பு ஏற்பாடுகள் இருந்தன. நம்பிக்கைக்கு உரியதாக ஒன்றும் தேறவில்லை. தினசரிப் பிரதி எடுக்கும் ஏற்பாடு, மென்பொருளின் பதிப்பு பொருந்தாமல் தோற்றுக்கொண்டே இருந்தது. தோல்வியை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சலும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டுவிட்டது. வேறு காரியத்துக்காகத் தற்செயலாக ஒருவர் ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்து வைத்திருந்த பிரதி மானத்தைக் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத்து வேலை போனது போனதுதான். அதில் சுமார் 5,000 திட்டங்களும் 5,000 குறிப்புகளும் அடக்கம்.

இங்கே ‘பிரதி எடுக்க ஏற்பாடு இருக்கிறதா?’ என்று ஒருவர் கேட்டிருந்தால், ‘ஒன்றல்ல, ஐந்து இருக்கிறது’ என்று பதில் வந்திருக்கும். எண்ணிக்கை பிரமாதம்! ‘அந்தப் பிரதியிலிருந்து எப்போது மீட்டுப் பார்த்தீர்கள்? எத்தனை மணி நேரம் ஆயிற்று?’ என்று கேட்டிருந்தால் குட்டு உடைந்திருக்கும். இரண்டும் எண்தான். முதலாவது, நாம் செய்துவிட்டோம் என்று சமாதானப்படுத்திக்கொள்வதற்கு. இரண்டாவது, செய்தது பயன்படுமா என்று தெரிந்துகொள்வதற்கு. நான் கேட்பது இரண்டாவதை.

நான்கே வாரங்கள் கழித்து, பிப்ரவரி 28-ஆம் தேதி, அமேசானின் சேமிப்புக் கிடங்கு ஒன்று, ஒரு கட்டளையைப் பிழையாக உள்ளிட்டதால் சில மணி நேரம் நின்றுபோயிற்று. அதை நம்பியிருந்த எத்தனையோ வலைத்தளங்கள் படுத்துவிட்டன. ஆனால் எல்லாம் நலமா என்று உலகத்துக்குக் காட்டும் அவர்களுடைய அறிவிப்புப் பலகையில், பச்சை விளக்குகள் பச்சையாகவே இருந்தன. அந்தப் பலகையின் நிலவரத்தை மாற்றும் ஏற்பாடும் அதே கிடங்கை நம்பியிருந்ததுதான் காரணம். நோயாளியையே தர்மாமீட்டராக வைத்துக்கொண்டால் வேறென்ன நடக்கும்? அளவுகோலை வைக்க வேண்டிய இடம் ஸர்வர் அறை அல்ல. பணம் கட்ட முடியாமல் கௌண்டரில் நிற்கிறாரே, அவர் நிற்கிற இடம்.

இன்னொரு மோசடி, தசம ஸ்தானங்களில் நடக்கிறது. ‘எங்கள் சேவை 99.9 சதவிகித நேரம் கிடைக்கும்’ என்று ஒப்பந்தம் எழுதுகிறார்கள். முப்பது நாள் மாதத்தில் 43,200 நிமிஷம். அதில் 43 நிமிஷம் நிற்கலாம் என்று அர்த்தம். போட்டிக்காரர் இன்னொரு ஒன்பதைச் சேர்த்தால் நாமும் சேர்க்க வேண்டும். மாதத்துக்கு நான்கு நிமிஷம் சொச்சம். மூன்றாவது ஒன்பதையும் சேர்த்தால் 26 விநாடி! கையெழுத்துப் போடுகிறவருக்கு அது ஒரு புள்ளிக்கு அப்பால் உள்ள எண். ராத்திரி ஷிப்டுக்காரனுக்கோ அது உயிர். போன் அடித்து, கண்ணைத் திறந்து, மடிக்கணினியைத் திறப்பதற்கே ஐந்து நிமிஷம் ஆகும். தானே இடம் மாறிக்கொள்ளும் இரண்டாவது ஸர்வருக்குப் பணம் ஒதுக்காமல், நான்கு ஒன்பதுகளை மட்டும் அவன் தலையில் வைப்பதற்கு இலக்கு என்று பெயர் இல்லை. கூலியாள் கையில் வாளியைக் கொடுத்துக் கடலை இறைக்கச் சொல்வது அது.

இதைச் சரியாகச் செய்ய வழி இல்லையா என்றால், உண்டு. கூகிள் கம்பெனிக்காரர்கள் 2016-ல் வெளியிட்ட ஒரு புத்தகத்தில் தங்கள் முறையை விவரித்திருக்கிறார்கள். 99.9 என்று முடிவு செய்தால், மிச்சமுள்ள அந்த 0.1 சதவிகிதம் குற்றம் அல்ல, கைச்செலவு. அது தீராத வரைக்கும் புதுமைகளைத் தாராளமாக வெளியிடலாம். தீர்ந்துவிட்டால் புதிய வெளியீடுகளை நிறுத்திவிட்டு, இருப்பதைச் செப்பனிட வேண்டும். இதில் எனக்குப் பிடித்தது, இலக்கு கீழே இருக்கிறவனை மட்டும் கட்டாமல் அவசரப்படுத்துகிறவரையும் சேர்த்துக் கட்டுகிறது. பொறியாளரின் நேரத்தில் பாதிக்குமேல் அன்றாட எடுபிடி வேலைக்குப் போகக் கூடாது, ஒரு முறைக் காவலில் இரண்டு சம்பவங்களுக்கு மேல் வரக் கூடாது என்றும் அதில் வரம்பு வைத்திருக்கிறார்கள். மனிதன் எவ்வளவு தாங்குவான் என்பதையும் அளக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. நம்மவர்களுக்கு அது மட்டும் அளவுக்கு அப்பாற்பட்டதாகவே இருந்து வருகிறது!

ஆகவே நான் கேட்கும் இலக்குகள் இவை. இந்தக் காலாண்டில் எத்தனை பேர் எத்தனை நிமிஷம் சேவை கிடைக்காமல் அவதிப்பட்டார்கள்? செய்த மாறுதல்களில் நூற்றுக்கு எத்தனை கோளாறில் முடிந்தன? கோளாறு வந்தால் மீள எவ்வளவு நேரம் ஆயிற்று? வந்த கோளாறே மறுபடி வந்தது எத்தனை தடவை? பிரதியிலிருந்து மீட்டுப் பார்த்தது எப்போது? எத்தனை ராத்திரி எத்தனை பேரை எழுப்பினோம்? இந்த ஆறும் அளக்கக் கூடியவைதான். இவற்றைக் கூட்டத்துக்கு வையுங்கள், ஆளுக்கு வைக்காதீர்கள். வேலை செய்கிறவர்களையும் உட்காரவைத்துப் பேசி எண்ணை முடிவு செய்யுங்கள். பீட்டர் டிரக்கர் 1954-ல் இலக்கு வைத்து நிர்வகிப்பதைப் பற்றி எழுதியபோது, அதோடு சேர்த்துச் சுயக்கட்டுப்பாடு என்ற சொல்லையும் வைத்தார். தன் வேலையைத் தானே சீர்தூக்கிப் பார்த்துக்கொள்ளத்தான் அளவு என்பது அவர் கருத்து. நாம் முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாவது பாதியை வசதியாக மறந்துவிட்டோம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த எண்ணைச் சம்பள உயர்வோடு முடிச்சுப் போடாதீர்கள். முடிச்சுப் போட்ட அன்றைக்கே உண்மை வெளியேறிவிடும். பயத்தை விரட்டு, எண்ணிக்கைக் கெடுபிடியை ஒழி என்று டெமிங் சொன்ன இரண்டு புத்திமதிகளும் ஒன்றை ஒன்று தாங்கி நிற்பவை. கிட்லாப் ஸ்தாபனம் தன்னுடைய தவறுகள் அத்தனையையும் தானே எழுதி ஊருக்கு வெளியிட்டது. பழியை அந்த ஒருவர் தலையில் போட்டுக் கைகழுவவில்லை. காப்பு ஏற்பாடுகள் ஏன் தோற்றன என்று ஆராய்ந்தது. அதனால்தான் இன்றைக்கு நானும் அதை எடுத்துச் சொல்ல முடிகிறது. தவறு செய்தவனைப் பலி கொடுக்கும் இடமாக இருந்திருந்தால், நமக்குக் கிடைத்திருப்பது ஒரு மழுப்பல் அறிக்கையும் இன்னொரு பச்சை விளக்கும்தான்.

ஏப்ரல் பிறந்தால் மறுபடி புது வருஷக் கணக்கு. மறுபடி இலக்கு எழுதும் சடங்கு. எழுதப் போகிற மானேஜர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் எழுதிய ஒவ்வொரு எண்ணையும், ராத்திரி ஷிப்டில் உள்ளவர்களிலேயே தந்திரம் மிகுந்தவனிடம் காட்டி, ‘வேலையே செய்யாமல் இதை எட்ட வழி உண்டா?’ என்று கேளுங்கள். அவன் சிரித்தால், அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதுங்கள்.