ஓர் உம்மையின் விலை

பொருளியலில் இளங்கலை இறுதியாண்டு பயின்ற மாணவர் ஒருவர், சென்ற ஆண்டு ஆவணியில் நம்மைத் தேடித் தமிழ்த்துறைக்கு வந்தார். இந்திய மேலாண்மைக் கழகங்களில் சேர்வதற்கான 'கேட்' நுழைவுத்தேர்வுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். கணக்கில் அவருக்கு அச்சமில்லை. ஆங்கிலப் பத்தியைப் படித்து விடையளிக்கும் பகுதிதான் அவரை வீழ்த்திக்கொண்டிருந்தது. அதிலும் பொருளியல் பத்திகளில்தான் மிகுதியாகத் தவறினார்.

"தத்துவப் பத்தியில்கூட நாலுக்கு மூன்று சரியாக வருகிறது ஐயா. என் சொந்தப் பாடத்தில் ஒன்றுதான் வருகிறது" என்றார்.

ஆங்கிலத்துறையை விட்டு இங்கே ஏன் வந்தீர்கள் என்று கேட்டோம். அங்கே போய்வந்தாயிற்று என்றும், சொல்வளத்தைப் பெருக்கிக்கொள்ளச் சொன்னார்கள் என்றும் கூறினார். தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு எந்த நோய்க்கும் முதலில் எழுதித்தரப்படும் மருந்து அது. தமக்கு ஆங்கிலம் போதாது என்ற முடிவுக்கு அவரும் ஏறக்குறைய வந்துவிட்டிருந்தார்.

அத்தேர்வை அறியாத நண்பர்களுக்காகச் சில சொற்கள். 2024ஆம் ஆண்டுத் தேர்வில் மொழிப்பகுதிக்கு 40 நிமிடம், 24 வினாக்கள். அவற்றுள் 16 வினாக்கள் நான்கு பத்திகளை ஒட்டியவை. சரியான விடைக்கு மூன்று மதிப்பெண். நான்கில் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் வினாவில் தவறினால் ஒரு மதிப்பெண் குறையும். கேட்பவருக்கு விடை முன்பே தெரியும் என்பதால் நன்னூலார் கணக்கில் இவை அறிவினா. நாம் வகுப்பில் கேட்கும் அறிவினாவுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு: இங்கே பொய்விடைகள் மூன்றையும் ஒருவர் மெனக்கெட்டு எழுதி வைத்திருக்கிறார்.

அவர் கொண்டுவந்த பயிற்சித் தாள்களில் ஒன்று 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தைப் பற்றியது. அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட 'வறுமையும் பஞ்சங்களும்' நூலின் வாதத்தைச் சுருக்கிச் சொல்லும் பத்தி. வாதம் இது. 1943இல் வங்கத்தின் உணவு வரத்து, முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட ஏறத்தாழ 5 விழுக்காடே குறைவு. 1941இன் வரத்தோடு ஒப்பிட்டால் 13 விழுக்காடு கூடுதல். 1941இல் பஞ்சம் வரவில்லை. ஆகவே உணவு எவ்வளவு இருந்தது என்று மட்டும் கேட்டால் போதாது; அதைப் பெறும் ஆற்றலை யார் இழந்தார்கள் என்று கேட்க வேண்டும். போர்க்காலச் செலவால் விலை ஏறியது. கூலி அதற்கு ஈடாக ஏறவில்லை. நிலமற்ற உழவுக்கூலிகளும் மீனவர்களும் மடிந்தார்கள்.

ஆசிரியர் எக்கருத்தை ஏற்பார் என்பது முதல் வினா. '1943இல் வங்கத்தில் உணவுக் குறைவு இருக்கவில்லை' என்ற விடையை மாணவர் குறித்திருந்தார். மறைப்பானேன், நாமும் மனத்துக்குள் அதையே குறித்தோம். உரிய விடை, 'உணவுக் குறைவு மட்டுமே பஞ்சத்தை விளக்கிவிடாது' என்பது. ஐந்து விழுக்காடு குறைந்தது என்று பத்தி வெளிப்படையாகச் சொல்கிறது. நாம் இருவரும் அதைப் படித்துவிட்டுத்தான் தவறினோம்.

பத்தியில் 1941 எதற்காகச் சொல்லப்பட்டது என்பது அடுத்த வினா. போரின்போது பணவீக்கம் வளர்ந்ததைக் காட்ட என்று குறித்திருந்தார். பணவீக்கம் வளர்ந்தது மெய்தான். அதை அவர் வகுப்பில் படித்திருக்கிறார். ஆனால் அந்த ஆண்டு பத்திக்குள் வந்தது, வரத்துக் குறைவே காரணம் என்னும் பழைய விளக்கத்தைத் தளர்த்துவதற்காக. தம் பாடத்தில் அவர் ஏன் வழுக்கினார் என்பது அப்போது விளங்கியது. தத்துவப் பத்தியில் அவருக்குப் பத்தியை விட்டால் வேறு துணை இல்லை. ஆகவே அதையே படித்தார். பொருளியலில் பாதி வழியிலேயே தம் பாடக்குறிப்பைப் படிக்கத் தொடங்கிவிட்டார்.

முதல் வினாவைத் தமிழில் எழுதிப் பார்த்தோம். உணவு குறைந்ததால் பஞ்சம் வந்தது. குறைந்ததாலும் வந்தது. குறைந்ததாலேயே வந்தது. குறைந்ததால் மட்டும் வந்துவிடவில்லை. நான்கும் நான்கு வழக்குகள். இரண்டாவதில் எச்சவும்மை, வேறு காரணங்களுக்கும் இடம்விட்டு நிற்கிறது. மூன்றாவதில் பிரிநிலை ஏகாரம் ஏனைய காரணங்களை வெளியே தள்ளிக் கதவடைக்கிறது. பொய்விடை எழுதுபவரின் தொழில் பெரும்பாலும் இந்த இடைச்சொற்களில்தான் நடக்கிறது: பத்தியில் 'சில' என்றிருப்பதை 'எல்லாம்' ஆக்குவார், 'போதாது' என்பதை 'இல்லை' ஆக்குவார்.

மாணவர் தாளைச் சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இது எட்டு வகை உம்மையில் ஒன்றுதானே ஐயா? இரண்டு மதிப்பெண் கேள்வி" என்றார்.

அவர் குறையாகச் சொல்லவில்லை. நமக்குத்தான் சுருக்கென்றது. தொல்காப்பியர் எட்டு வகை உம்மையை எண்ணி வைத்தது ஒரு கூற்று எவ்வளவு தூரம் செல்கிறது, எங்கே நிற்கிறது என்று காண்பதற்கு. நாம் அதை எட்டுப் பெயர்களாக ஒப்பிக்கச் சொல்லி மதிப்பெண் போட்டு வந்திருக்கிறோம். நம் தேர்வுகளிலும் பத்தி கொடுத்து வினாக் கேட்பதுண்டு. வினாவில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடி, அந்த வரியைப் பெயர்த்தெழுதினால் முழு மதிப்பெண். அப்படி மூன்றாண்டு பழகியவரை நாற்பது நிமிடத் தேர்வுக்கு அனுப்பிவிட்டு, ஆங்கிலம் போதவில்லை என்கிறோம்.

இதற்குப் பொருளியல் துறை நண்பர் ஒருவர் மறுப்புச் சொன்னார். சென்னின் புள்ளிவிவரங்களே வாதத்துக்கு உரியவை. பீட்டர் பௌபிரிக் 1980களிலேயே அவற்றைக் கடுமையாக மறுத்து எழுதினார். அறிந்ததை ஒதுக்கிவைத்துப் படி என்று பழக்கும் தேர்வு, கேள்வி கேட்கும் மாணவனை ஊமையாக்கும் என்பது அவர் கட்சி. அதில் உண்மை இருக்கிறது. நான்கு விடைகளுள் 'இந்தக் கணக்கை நான் ஏற்கவில்லை' என்பதற்கு இடமில்லை. எனினும் நாம் அவரோடு முற்றும் உடன்படவில்லை. பரிமேலழகர் பிறர் உரையை மறுக்கும் இடங்களில், அவர் என்ன சொன்னார் என்பதை முதலில் எடுத்து வைத்துவிட்டே மறுக்கிறார். 'உணவுக் குறைவே இல்லை' என்று சென் சொன்னதாக எண்ணிக்கொண்டு அவரை மறுப்பவர், சென் சொல்லாத ஒன்றை மறுத்துக்கொண்டிருப்பார். வங்கத்தில் பல இலட்சம் பேர் செத்ததற்கான காரணத்தைப் பற்றிய வழக்கில் அது சிறு பிழை அன்று.

அதன்பின் ஐப்பசி முடியச் சனிக்கிழமைதோறும் அமர்ந்தோம். விடைகளைப் பார்க்குமுன் பத்தியின் முடிபைத் தமிழில் ஒரே வாக்கியமாக எழுத வேண்டும் என்பது மட்டுமே விதி. ஒருநாள் கார்ட், குரூகர் இருவரும் 1994இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிய பத்தி வந்தது. நியூஜெர்சியில் 1992இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 ஆனபோது, பக்கத்துப் பென்சில்வேனியாவின் துரித உணவகங்களோடு ஒப்பிட, அங்கே வேலைவாய்ப்புக் குறைந்ததாகத் தெரியவில்லை என்பது அதன் முடிவு. கூலியை உயர்த்தினால் வேலை குறையாது என்ற விடையை நாம் சுட்டினோம்.

"ஐயா, அது எல்லா ஊருக்கும் ஆகிவிடும். பத்தி ஓர் ஊரைத்தான் சொல்கிறது" என்று நம் விரலை நகர்த்தினார்.

கார்த்திகையில் தேர்வெழுதினார். இந்தப் பருவத்தின் உள்மதிப்பீட்டுத் தேர்வில் உம்மையின் வகைகளைக் கேட்பதை விட்டுவிட்டு, மேலே கண்ட நான்கு வாக்கியங்களையும் கொடுத்துப் பொருள் வேறுபாட்டை எழுதச் சொன்னோம். பாதிப்பேர் இடத்தை வெறுமனே விட்டிருந்தார்கள். பாடத்திட்டத்தில் இல்லாததைக் கேட்டதாகத் துறைத்தலைவரிடம் ஒரு புகாரும் போயிருக்கிறது.