கம்பெனியில் விடுவதா, வெளி மெக்கானிக்கிடம் விடுவதா?



சமையல், கோலம், பிள்ளை வளர்ப்பு எல்லாம் எழுதும் இந்தப் பகுதியில் கார் சர்வீஸைப் பற்றி எழுத வந்துவிட்டாளே என்று நினைக்காதீர்கள். வீட்டில் அரிசிக்கும் பாலுக்கும் கணக்குப் பார்க்கிற நாம், வருஷத்துக்கு ஒரு தடவை மொத்தமாகப் பணம் போகிற இந்த விஷயத்தில் மட்டும் ‘அது ஆம்பளைங்க சமாச்சாரம்’ என்று ஒதுங்கிக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். பட்ட பிறகுதான் புத்தி வந்தது.

எங்களுக்கு ராஜபாளையத்தை அடுத்த தேவதானம். என் கணவர் ராஜபாளையத்தில் நூற்பு ஆலையில் வேலை பார்க்கிறார். மாமனாருக்கு இருதயக் கோளாறு. மாதம் ஒரு முறை மதுரைக்குக் கூட்டிப் போக வேண்டும். போகும்போது மட்டுமே நூறு கிலோமீட்டர். பஸ்ஸில் அவரால் முடியவில்லை என்றுதான் கடன் போட்டு ஒரு சின்னக் கார் வாங்கினோம். எங்களுக்கு அது ஆடம்பரம் இல்லை, மருந்து மாதிரி.

முதல் இரண்டு வருஷம் கம்பெனி சர்வீஸ் சென்டரில்தான் விட்டோம். ‘ஃப்ரீ சர்வீஸ்’ என்றார்கள். ஃப்ரீ என்றால் கூலி மட்டும்தான் இல்லை, ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் காசு உண்டு என்பதே பில்லைப் பார்த்துத்தான் தெரிந்தது. சரி, அது நியாயம்தான். மூன்றாவது வருஷம்தான் அடி விழுந்தது. ஆறாயிரத்துக்குள் வரும் என்று சொல்லி வண்டியை வாங்கிக்கொண்டவர்கள், சாயந்திரம் பதினோராயிரத்துச் சொச்சத்துக்கு பில் நீட்டினார்கள். இன்ஜின் உள்ளே கழுவினோம், ஏ.சி.க்குக் கிருமி மருந்து அடித்தோம், பெயின்ட்டுக்குப் பாலிஷ் போட்டோம் என்று வரிசையாக எழுதியிருந்தது. நாங்கள் எதையும் கேட்கவில்லை. காலையில் அவர்கள் நீட்டிய தாளில் என் கணவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தீபாவளிக்கென்று சீட்டு எடுத்து வைத்திருந்த பணம் அங்கேயே போயிற்று.

‘இனி அந்தப் பக்கமே போகக் கூடாது’ என்று அடுத்த முறை வெளியில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டோம். பிரேக் பேட் தேய்ந்திருக்கிறது என்று மாற்றினார். கம்பெனியில் ஆகும் செலவில் பாதிகூட இல்லை. பில் கேட்டதற்கு, ‘நமக்குள்ள எதுக்கும்மா பில்லு?’ என்றார். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து மாமாவை மதுரைக்குக் கூட்டிப் போகிறோம். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி, கிருஷ்ணன்கோவில் வருவதற்கு முன்னால் நல்ல மழை. முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் திடீரென்று நின்றது. இவர் பிரேக்கை மிதித்தால் ‘கறக்’ என்று ஒரு சத்தம், வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் மண்ணில் இறங்கி நின்றது. பின் சீட்டில் மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த ஒரு நிமிஷத்தை இப்போது நினைத்தாலும் எனக்குக் கை நடுங்குகிறது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கடவுள் புண்ணியம்.

பக்கத்தில் இருந்த வேறொரு பட்டறை அண்ணாச்சி சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். பிரேக் பேடில் இரும்புத் தகட்டின் மேல் ஒட்டியிருக்க வேண்டிய பகுதி பாதி பெயர்ந்து போயிருந்தது. ‘இது டூப்ளிகேட் சாமான் தாயி. பிரேக்குல மட்டும் காசைப் பார்க்காதீங்க’ என்றார். பழைய மெக்கானிக்கிடம் போய்க் கேட்டோம். ‘நான் போட்டது நல்ல பேடுதான், இது நான் போட்டதே இல்லை’ என்று சாதித்துவிட்டார். கையில் ஒரு துண்டுச் சீட்டு இல்லாமல் எதை வைத்துப் பேசுவது?

ஆக, கம்பெனியிலும் ஏமாந்தோம், வெளியிலும் ஏமாந்தோம். யோசித்துப் பார்த்தால் இரண்டு இடத்திலும் தப்பு ஒன்றேதான். நாங்கள் கேட்கவில்லை, எழுதி வாங்கவில்லை.

அதன் பிறகுதான் வண்டியோடு கொடுத்த புத்தகத்தை எடுத்துப் படித்தேன். நான் பத்தாவதுதான் படித்தவள். அது இங்கிலீஷில் இருந்தது. ப்ளஸ் டூ படிக்கும் என் மகளை உட்காரவைத்து அர்த்தம் கேட்டேன். எத்தனை கிலோமீட்டரில் எதை மாற்ற வேண்டும், எதைப் பார்த்தால் மட்டும் போதும் என்று கட்டம் போட்டுத் தெளிவாக அச்சடித்திருக்கிறது. எங்கள் வண்டிக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முன்னால் வருகிறதோ அப்போது சர்வீஸ். எங்களிடம் காசு வாங்கிய பாலிஷும் கிருமி மருந்தும் அந்தக் கட்டத்தில் எங்குமே இல்லை!

இன்னொரு விஷயமும் தெரிந்துகொண்டேன். வெளியில் விட்டால் வாரண்டி மொத்தமும் போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள் அல்லவா? 2011ல் ஒரு தனி மனிதர் கொடுத்த புகாரை வைத்து, இந்தியப் போட்டி ஆணையம் இதை விசாரித்தது. 2014 ஆகஸ்ட் 25ல் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. ஸ்பேர் சாமான்களையும், கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்தது தப்பு என்றது. வெளியில் வேலை பார்த்த ஒரே காரணத்துக்காக வாரண்டியை ரத்து செய்வோம் என்று பொதுப்படையாக நிபந்தனை போடக் கூடாது என்றும் சொன்னது. கம்பெனிகள் அதை எதிர்த்து மேல்முறையீட்டுக்கும் கோர்ட்டுக்கும் போனார்கள். ஆனால் ஒரே ஒரு ஆள் ‘இது ஏன் இப்படி?’ என்று கேட்டதால் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது பாருங்கள்.

அதற்காக வாரண்டி இருக்கும்போதே வெளியில் விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வெளி ஆள் கை வைத்ததால்தான் கோளாறு வந்தது என்று அவர்கள் சொன்னால், இல்லை என்று வாதாடப் போகிறவர்கள் நாம்தானே? நமக்கு அதற்கு நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. அனுபவப்பட்டு, இப்போது எங்கள் வீட்டில் இப்படி வைத்திருக்கிறோம்.

வாரண்டி முடிகிற வரை, சொன்ன தேதியில், சொன்ன கிலோமீட்டரில் கம்பெனி சர்வீஸ்தான். ஆனால் வேலைச் சீட்டில் கையெழுத்துப் போடும் முன், ‘புத்தகத்தில் உள்ளது மட்டும் போதும், வேறு எது செய்தாலும் போன் போட்டுக் கேட்ட பிறகே’ என்று அதிலேயே எழுதச் சொல்கிறேன். முகம் சுளிப்பார்கள். சுளித்துவிட்டுப் போகட்டும்.

வாரண்டி முடிந்த பிறகு, ஆயில், ஃபில்டர், பிரேக், கிளட்ச் போன்ற வழக்கமான வேலைகளுக்கு நம்பிக்கையான வெளி மெக்கானிக். எங்களுக்கு அன்று ரோட்டோரம் உதவிய அதே அண்ணாச்சிதான். சாமான்களை நாங்களே கடையில் பில் போட்டு, சீல் உடையாத பெட்டியில் வாங்கிக் கொடுக்கிறோம். பில்லில் வரி எவ்வளவு என்றும் பார்க்கிறேன். கார் உதிரி பாகங்களுக்கு 28 சதவீதம் இருந்த ஜி.எஸ்.டி.யை 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆக்கிவிட்டார்கள். பழைய சாமானைக் கண்ணில் காட்டச் சொல்கிறேன். அண்ணாச்சி கூலிக்கும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறார்.

ஏர்பேக், கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட கோளாறு என்றால் அண்ணாச்சியே, ‘இது என் கையில இல்ல தாயி, கம்பெனிக்குப் போங்க’ என்று அனுப்பிவிடுவார். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவர்தான் நல்ல மெக்கானிக். அதோடு, கம்பெனியே தன் தப்பு என்று வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்து தருவதும் உண்டு. அதற்குக் காசு இல்லை. வெளியில் விடுகிறவர்களும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது சேஸிஸ் நம்பரைச் சொல்லி, நம் வண்டி அதில் இருக்கிறதா என்று கம்பெனியில் கேட்டுக்கொள்வது நல்லது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பால் கணக்கு எழுதுகிற மாதிரி வண்டிக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டிருக்கிறேன். தேதி, கிலோமீட்டர், என்ன மாற்றினார்கள், எவ்வளவு. பில்லை அதிலேயே ஒட்டிவிடுவேன். போன முறை ‘ஏர் ஃபில்டர் மாற்ற வேண்டும்’ என்றபோது, நோட்டைப் புரட்டி, ‘மாற்றி ஆறு மாசம்தானே ஆச்சு, கழற்றிக் காட்டுங்க தம்பி’ என்றேன். காட்டினார். சுத்தமாகத்தான் இருந்தது. என் கணவர் அன்று என்னைப் பார்த்த பார்வையே தனி!

இத்தனைக்குப் பிறகும் ஏமாற்றினால்? 2019ல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம்தான். 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள். நம் மாவட்டத்துக்கான நுகர்வோர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது. கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணமே கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆனால் அங்கேயும் முதலில் கேட்பது, ‘பில் இருக்கிறதா அம்மா?’ என்பதுதான்.

தோழிகளே, உங்கள் வீட்டு வண்டியில் உட்கார்ந்து போவது உங்கள் பிள்ளைகளும் பெரியவர்களும்தான். அடுத்த முறை வண்டியை சர்வீஸுக்கு எடுக்கும்போது, ‘நானும் வருகிறேன்’ என்று கிளம்புங்கள். நோட்டையும் பேனாவையும் மறக்காதீர்கள். உங்கள் அனுபவத்தையும் இந்தப் பகுதிக்கு எழுதுங்கள், எல்லோருக்கும் உதவும்.

— ஒரு வாசகி, தேவதானம்.