மூக்கைத் திருத்த முதல் தூரத்தைத் திருத்துங்கள்

ஒட்டி நின்று எடுத்த செல்ஃபியைப் பார்த்ததும் "ஐயோ, என்ர மூக்கைப் பாரன்" என்று சொல்லாத தமிழ்ப் பிள்ளையை எனக்கு இன்னும் தெரியாது. ரொறன்ரோவில் பதினெட்டு வயதுகூட ஆகாத சிலர், மூக்கைத் திருத்த எவ்வளவு காசு முடியும் என்று பகிடியில்லாமலே கதைக்கிறார்கள். சத்திரசிகிச்சைக்கு முதல் கமராவை இரண்டு எட்டு பின்னால் கொண்டுபோங்கள் என்பதுதான் என் கருத்து.

இதற்கு என்ஜினியரிங் பட்டம் தேவையில்லை, வகுத்தல் தெரிந்தால் போதும். மூக்கு நுனிக்கும் காதுக்கும் முன்பின்னாக ஏறக்குறைய 12 செ.மீ. இடைவெளி என்று வையுங்கள். போன் மூக்கிலிருந்து 30 செ.மீ. தூரத்தில் இருந்தால் காது 42 செ.மீ. தூரத்தில் இருக்கும். 42-ஐ 30-ஆல் வகுத்தால் 1.4. காதோடு ஒப்பிட மூக்கு 40 வீதம் பெரிதாகப் பதிகிறது. அதே போனை 150 செ.மீ. தூரத்துக்குக் கொண்டுபோனால் வித்தியாசம் 8 வீதம்தான். 2018-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வும் இதையே சொன்னது: 12 அங்குலத்தில் எடுத்த படத்தில் மூக்கின் அடிப்பகுதி, 5 அடியில் எடுத்ததைவிட ஏறக்குறைய 30 வீதம் அகலமாகத் தெரியும்.

"அது லென்ஸின் பிழை" என்பார்கள். லென்ஸ் செய்வது, உங்களைக் கிட்டக் கூப்பிடுவது மட்டும்தான். போனின் பிரதான லென்ஸ் அகலமாகப் பார்ப்பதால், முகம் படத்தை நிறைக்க வேண்டுமென்றால் நாங்கள் நெருங்கிப் போகிறோம். நெருங்காமல் ஒன்றரை மீற்றரில் நின்று 2 மடங்கு ஜூம் வையுங்கள். இரண்டு பேர் நின்று கதைக்கிற தூரம் அது, முகமும் இறுகாது. கூட்டமாக எடுத்தால் ஓரத்தில் நிற்கிறவரின் முகம் இழுபடும், பாவம். எல்லாரையும் கொஞ்சம் நடுவுக்குத் தள்ளுங்கள்.

மூக்கைவிட எனக்குக் கோபம் வருவது நிறத்தில்தான். எங்கள் அன்ரிமார் "படம் வடிவா வந்திருக்கு" என்றால் பாதி நேரம் அதற்கு "வெள்ளையா வந்திருக்கு" என்றே அர்த்தம். சில போன்களில் பியூட்டி மோட் கேட்காமலே அதைச் செய்துவிடும். சிநேகிதியின் படத்தை அதோடு எடுத்து அனுப்புவது, "உன்ர நிறம் எனக்குப் பிடிக்கேல்லை" என்று முகத்துக்கு நேரே சொல்வது மாதிரி. அதை நிறுத்தி வையுங்கள்.

இது புதுக் கதையும் இல்லை. பிலிம் காலத்தில் கொடாக் நிறுவனம் படம் கழுவும் கடைகளுக்கு அனுப்பிய 'ஷேர்லி' அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். அவளின் தோல் சரியாக வந்தால் நிறம் சரி என்று கணக்கு. கூகிள் தன் பிக்சல் 6-இல் கறுத்த, மாநிறத் தோல்களுக்காக 'ரியல் டோன்' என்று தனியாகச் செய்தது 2021-இல்தான். மற்றப் போன்களை நாங்களே திருத்த வேண்டியிருக்கிறது.

கறுத்த முகம் படத்தை நிறைத்தால் கமரா இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டும், தோல் சாம்பல் பூசியது மாதிரி வரும். முகத்தில் தொட்டு, பக்கத்தில் வருகிற சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். பின்னால் பனியோ வெள்ளைச் சுவரோ இருந்தால் நேர்மாறு, மேலே ஏற்றுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். யன்னலுக்குப் பக்கவாட்டாக நிற்க வைத்தால் கன்னத்தில் ஒரு மினுக்கம் விழும், எங்கள் தோலுக்கு அதுதான் அழகு. வெள்ளைத் தோல் நண்பரோடு சேர்ந்து நின்றால், கறுத்தவரை யன்னலுக்குக் கிட்ட விடுங்கள். பெரும்பாலும் எல்லாரும் மாறித்தான் நிற்கிறார்கள்.

"சிரி" என்று சொல்லாமல் கதைத்தபடியே பத்துப் படம் எடுங்கள். பிறகு போனை அவர்களிடமே கொடுங்கள். எது இருக்க வேண்டும், எது அழிய வேண்டும் என்று அவர்களே பார்த்துச் சொல்லட்டும்.